அம்மா ஏன் கடைசியில் குளிக்கிறார்?

டில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகர்: “அம்மாவுக்கு 66 வயது. 2 வருடமாக விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி. காலையில் எழுந்தால் 9 மணி வரை விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்தால் தேவலை என்கிறார். ஐந்தரைக்கு எழுந்து எங்களுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, எல்லோரும் கிளம்பிய பிறகு 11 மணிக்கு நிதானமாகக் குளிப்பார். ஹரியானாவில் இருக்கும் சோனா ஊர் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போகலாமா? மெழுகு ஒத்தடம் நல்லதா? குளியல் தொட்டி வைக்கலாமா?”

நிதானமாகவா, தம்பி? கீசர் தண்ணீர் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தீர்ந்த பிறகு குளிப்பதற்குப் பெயர் நிதானமா?

டில்லி ஜனவரியில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மடங்காத விரல்களை அதில் நனைத்துத்தான் அம்மா சப்பாத்தி மாவு பிசைகிறார், குக்கர் மூடியைத் திருகுகிறார். மூட்டு இறுகிக் கிடப்பது விடியற்காலையில். வெந்நீர் பட்டால் ரத்த ஓட்டம் கூடும், தசை தளரும், விரல் மடங்கும். அது வேண்டியது ஆறு மணிக்கு. பதினொன்றுக்கு இறுக்கம் தானே விட்டிருக்கும். பெற்றவளைப் பார்த்துக்கொள்வது என்றால் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போவது என்று பிள்ளைகள் நினைப்பதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

சோனாவுக்குத் தாராளமாகப் போங்கள். கந்தக ஊற்று, அன்றைக்குச் சுகமாக இருக்கும். மெழுகு ஒத்தடமும் விரல்களுக்கு நல்லதுதான். ஆனால் சூட்டை அளவாக வைக்கும் கருவியோடு பிசியோதெரபிஸ்ட் கொடுக்கட்டும், வீட்டு அடுப்பில் மெழுகு உருக்க வேண்டாம். தொட்டி வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்குவதில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். வழுக்காத பாயும் ஒரு ஸ்டூலும் போதும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் வயசு வலியாக இருக்காது. முடக்குவாதமாக, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸாக இருக்கலாம். எந்த வெந்நீரும் அதைத் தடுக்காது. மருந்து தாமதமானால் மூட்டு கோணிப்போகும், போனது திரும்பாது. 2 வருடம் போய்விட்டது. இந்த வாரமே மூட்டுவாத நிபுணரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும் நாட்களில் வெந்நீர் ஒத்தடம் கூடாது, குளிர்ந்த ஒத்தடம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமலே வெந்துவிடும். தண்ணீரை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். 37, 38 டிகிரிக்கு மேல் வேண்டாம். கால் மணி நேரம் போதும். குளித்த சூடு ஆறுவதற்குள் விரல்களை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

நாளையிலிருந்து ஐந்தேகாலுக்கு எழுந்து கீசரை நீங்கள் போடுங்கள். முதல் வெந்நீர் அம்மாவுக்கு. “எனக்கு எதுக்குடா, நீ ஆபீஸுக்குக் கிளம்பு” என்பார். கேட்காதீர்கள். அவர் குளித்து வருவதற்குள் சப்பாத்தி மாவைப் பிசைந்து மூடி வைத்துவிடுங்கள்.