உப்புக்காற்றும் வெள்ளமும் உள்ள ஊரில் எப்படிக் கட்டுவது? வடசென்னை கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு சின்ன வீடுகள், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று வரைந்து கட்டுகிற ஆர்க்கிடெக்ட் நான். வீடு, பொதுக்கட்டடம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். வாஸ்து கேட்டவர்கள் மன்னிக்கவும்.

ராயபுரத்திலிருந்து: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு அக்கா. மழைக்கு ஒழுகுது. மேஸ்திரி இடிச்சுட்டு கான்கிரீட் போடச் சொல்றார். இடிக்கலாமா?

மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை. இடிப்பதற்கு முன் உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மெத்தென்று இறங்குகிறதா, அழுகிவிட்டது. கிண்ணென்று நின்றால் அந்தத் தேக்கு உங்கள் பேரன் காலத்துக்கும் தாங்கும். ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் மேலேதான் இருக்கும்: தட்டோடு (மேலே பதிக்கிற தட்டையான சுட்ட ஓடு) பெயர்ந்திருக்கும், கைப்பிடிச் சுவர் ஓரம் வெடித்திருக்கும், தண்ணீர் போகிற குழாய் வாய் அடைத்திருக்கும். அப்புறம் நடுவில் யாரோ ஒழுகலை நிறுத்துகிறேன் என்று சிமெண்ட் பூசியிருப்பார்கள், அதுதான் பெரிய வினை. செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி சுண்ணாம்பில் கட்டிய கூரை வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். சிமெண்ட் அசையாது, வெடிக்கும், வெடிப்பில் இறங்கின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நேராக உத்திரத்துக்குப் போகும். சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கட்டையால் அடித்து, வாட்டம் பார்த்துத் தட்டோடு பதிக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். கிடைப்பது கஷ்டம்தான். ஓர் உத்திரம் மட்டும் போயிருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் பிரித்து மாற்றலாம். மே மாதம் அந்தக் கூரைக்குக் கீழேயும் பக்கத்து வீட்டு கான்கிரீட் கூரைக்குக் கீழேயும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

திருவொற்றியூர்: கடலிலிருந்து ரெண்டாவது தெரு. கட்டி 15 வருஷம்தான் ஆச்சு, சன்ஷேடு எல்லாம் பெயர்ந்து கம்பி தெரியுது. பூசினா மறுபடி பெயருது.

பூச்சு மருந்தில்லை. உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு ஊதி வெளியே தள்ளுகிறது. துருவை முழுக்கச் சுரண்டாமல் மேலே பூசினால் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்களும் இதைக் கேளுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அதன்படி கடலோரக் காற்று நேரடியாகப் படுகிற கான்கிரீட் குறைந்தது எம் 30 என்கிற வலிமைத் தரத்தில் இருக்கவேண்டும், கம்பிக்கு வெளியே அதை மூடுகிற கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் வேண்டும். நம் ஊரில் சன்ஷேடு போடுவதே மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீட்டர். மேலே 45, கீழே 45 விட்டால் கம்பிக்கு இடம் எங்கே? அதனால்தான் எல்லா வீட்டிலும் முதலில் விழுவது சன்ஷேடு. கடலோரத்தில் நான் முடிந்தவரை கான்கிரீட் சன்ஷேடுக்குப் பதில் கடப்பா கல்லைச் சுவருக்குள் செருகிவிடுவேன், அதில் துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. ஸ்லாக் சிமெண்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) கேட்டு வாங்குங்கள், உப்பை அது கொஞ்சம் நன்றாகத் தடுக்கும். போர்வெல் தண்ணீர் கரித்தால் அதில் கான்கிரீட் கலக்காதீர்கள், க்யூரிங்குக்கும் வேண்டாம். லாரித் தண்ணீர்ச் செலவு பின்னால் ஆகப்போகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வியாசர்பாடி: ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறுது, வீடு இறங்குது. புது வீட்டை எவ்வளவு தூக்கிக் கட்டணும்?

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போடவேண்டும். ரோடு போட வருகிற அன்றைக்குத் தெருவே நின்று கேட்டால் நடக்கிறது, ஒருவர் மட்டும் கேட்டால் நடப்பதில்லை.

உயரத்துக்கு ஓர் எண் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்குமே, அதுதான் கணக்கு. அதற்கு மேலே ஓர் அடியாவது வையுங்கள். ஆனால் மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அடுத்த வருஷம் அவர் உயர்த்துவார், இது முடியாத சண்டை. வீட்டுத் தளத்தை மட்டும் தூக்குங்கள், சுற்றியுள்ள மண்ணை அப்படியே விடுங்கள், அதில் டைல்ஸ் ஒட்டாதீர்கள். நம் பகுதி தட்டையான பூமி. ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய் என்று எந்த வழியாகப் போனாலும் தண்ணீர் கடைசியில் பக்கிங்காம் கால்வாயில்தான் சேரவேண்டும், கடல் ஏற்றத்தில் இருந்தால் அது அங்கேயே காத்துக்கிடக்கும். ஆகவே தண்ணீர் வரும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்: மீட்டரும் ஸ்விட்ச் போர்டும் கறைக்கு மேலே, தரைத்தளத்துக் கழிவறைக் குழாயில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. மழையில் பாதிப் பேரை வீட்டை விட்டு விரட்டுவது மழைத்தண்ணீர் இல்லை, கழிவறை வழியாகத் திரும்பி வருகிற சாக்கடை.

கட்டடக்கலை மாணவி: இறுதியாண்டு ப்ராஜெக்ட், திருவொற்றியூரில் நூலகம். பசுமைக் கட்டடமாக இருக்கவேண்டும். என்ன கான்செப்ட் வைக்கலாம் மேடம்?

கான்செப்ட் பிறகு, முதலில் மே மாதம் மதியம் 3 மணிக்கு அந்த மனையில் போய் நில்லுங்கள். எந்த நிழலில் யார் கேரம் ஆடுகிறார்கள், தண்ணி லாரி எங்கே நிற்கிறது, வலை பின்னுகிறவர்கள் எங்கே உட்கார்கிறார்கள் என்று வரைந்துகொள்ளுங்கள். அந்த இடங்களைக் காம்பவுண்டு சுவர் கட்டி அழிக்காத நூலகமாக இருந்தாலே பாதி மார்க்.

பாடப்புத்தகம் வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று சொல்லும், அது நம்மை விட ரொம்ப வடக்கே இருக்கிற ஊர்களுக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சியைத் தாண்டிவிடும், ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான். வடக்கு ஜன்னலுக்கும் நிழல் கொடுங்கள். மேற்கில் மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் ரூம். கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும், அதற்கு வழிவிடுங்கள். மேற்கே ஆலைகள் நிறைந்த மணலி இருப்பதால் அந்தப் பக்கத் திறப்புகள் மூடக்கூடியவையாக இருக்கட்டும், நாற்றம் வருகிற நாளில் புரியும். முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டி, அந்தச் சூட்டை ஏசி போட்டு விரட்டி, மேலே நாலு சோலார் தகடு வைத்தால் அது பசுமை ஆகாது.

புளியந்தோப்பு: எங்க குடியிருப்பை இடிச்சு அதே இடத்தில் அடுக்குமாடி வருதுன்னு சொல்றாங்க. நாங்க என்ன கேட்கணும்?

அதே இடத்தில் என்பதே பெரிய விஷயம். ஊருக்குத் தெற்கே தொலைவில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்குத் தெரியும், வீடு கிடைத்தது, வேலை இங்கேயே நின்றுவிட்டது.

முதலில் வரைபடத்தைக் கேளுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் மீன்கூடை, இஸ்திரி வண்டி, குப்பை வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? லிஃப்ட் நின்றால் சரிபண்ணுவது யார், காசு யாருடையது, எழுத்தில் இருக்கிறதா? மாடி உயர உயர இந்தக் கேள்விதான் உயிரை வாங்கும். நடைவழி இருட்டுச் சந்தாக இருக்கக்கூடாது, இரண்டு பேர் உட்கார்ந்து பேச மூன்றாமவர் குடத்தோடு தாண்டிப் போகிற அகலம் வேண்டும். குலுக்கல் போட்டு வீடு கொடுத்தால் பக்கத்துவீட்டுக்காரர்கள் சிதறிப்போவார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. தெரு தெருவாகச் சேர்த்துக் கேளுங்கள், வயதானவர்களுக்குத் தரைத்தளம்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது வரை நாம் பெரும்பாலும் அடுக்குமாடி பற்றியே பேசுகிறோம். ஆனால் 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனில் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனை, தண்ணீர், சாக்கடை, தெரு மட்டும் அரசு போட்டுக்கொடுத்தது, வீட்டை மக்கள் கையில் காசு வர வர அவர்களே கட்டிக்கொண்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் இது திட்டம் போட்டு வந்த பகுதி என்றே சொல்ல முடியாது. என் பார்வையில் இந்த ஊரில் நடந்த நல்ல வீட்டுத் திட்டம் அதுதான். புளியந்தோப்பில் ஆளுக்கொரு மனை கொடுக்க இடமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிற்பாடு ஓர் அறையாக மூடிக்கொள்ளும்படி பால்கனியைப் பெரிதாகக் கேட்கலாம்.

என்ன மரம் வைக்கலாம்?

புன்னை, பூவரசு, புங்கை, வேம்பு. உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் முதல் இரண்டும். 2016 வர்தா புயலில் குல்மொஹர் எப்படி விழுந்தது என்று பார்த்தோமே.

மழைநீர்த் தொட்டி கட்டினோம், தண்ணீர் இறங்காம கொசுதான் வருது.

2003லிருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம், ஆனால் மண்ணைப் பார்க்காமல் ஒரே குழியை எல்லோரும் தோண்டினார்கள். கடலோர மணலில் இறங்கும், களிமண்ணில் நிற்கும். உங்களுடையது களிமண் என்றால் மாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்பில் சேமியுங்கள், மிச்சத்தை மட்டும் களிமண்ணைத் தாண்டி மணல் வரை இறக்கிய போர்வெல்லுக்கு விடுங்கள்.

கடைசியாக ஒருவர்: ஆர்க்கிடெக்ட் வைக்கக் காசில்லை, மேஸ்திரி மட்டும் போதுமா?

நல்ல மேஸ்திரி வீட்டைக் கட்டிவிடுவார். தூண், பீம் கம்பிக் கணக்குக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காசு கொடுத்துப் படம் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.