எலிசபெத் ராணியின் பூ ப்ரூச்சில் உள்ள வைரம், பட்டை தீட்டியதும் ஏன் பாதிக்கும் கீழே குறைந்தது?

ப்ரூச் என்பது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை. ராணிக்காக 1953இல் கார்த்தியே நிறுவனம் பூ வடிவில் செய்த இதன் நடுவில் இருப்பது வில்லியம்சன் இளஞ்சிவப்பு வைரம், அவருக்கு வந்த திருமணப் பரிசு. 1947இல் டாங்கனிக்காவில் (இன்றைய டான்சானியா) கிடைத்தபோது அதன் எடை 54.5 காரட் (வைரத்தை எடை போடும் அளவு), தீட்டிய பிறகு 23.6தான்.

உள்ளே போகும் ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வந்தால்தான் வைரம் ஜொலிக்கும். அதற்குப் பட்டைகள் சரியான கோணத்தில் அமைய வேண்டும். கரடுமுரடான ஓரமெல்லாம் வெட்டுப்படும். பலாப்பழத்தை முழு எடைக்கு வாங்கினாலும் வாய்க்கு வருவது சுளைதானே, அப்படி. ஆனால் இதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மங்கலான பெரிய கல்லை யார் குத்திக்கொள்வார்கள்?

அப்புறம், பூ முழுக்க இளஞ்சிவப்பு வைரம் என்று பலர் நினைக்கிறார்கள். நடுக்கல் மட்டும்தான் அது, இதழ்கள் வெள்ளை வைரம்.