லினக்ஸ் கேள்வி-பதில்: பூட் ஆயிற்று, வைஃபை எங்கே?

குபுண்டுவில் லாகின் செய்த பிறகுதான் வைஃபை இணைகிறது. அதுவரை வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முடியவில்லை. (வேளச்சேரி)

வைஃபை பாஸ்வேர்ட் கேவாலட்டுக்குள் (குபுண்டுவின் பாஸ்வேர்ட் பெட்டி) பூட்டிக் கிடக்கிறது. லாகின் செய்தால்தான் அது திறக்கும். இணைப்பின் செட்டிங்ஸில் எல்லாப் பயனர்களுக்கும் அனுமதி கொடுத்து, பாஸ்வேர்டையும் எல்லாருக்குமாகச் சேமியுங்கள். இணைப்புக் கோப்பைக் கையால் எழுதுகிறவர்கள் பெர்மிஷனை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதைச் சீண்டாது.

லினக்ஸ் போட்டேன், வைஃபை வரவில்லை. என்ன செய்வது? (ஊர் இல்லை)

ஊர் மட்டுமா இல்லை? லேப்டாப் மாடல் இல்லை, சிப் எண் இல்லை. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -என்என்கே (lspci -nnk) கொடுத்து வருவதை அனுப்புங்கள். அதற்குமுன் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) கொடுத்துப் பாருங்கள். சாஃப்ட் பிளாக் என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை (rfkill unblock wifi) போதும். ஹார்ட் பிளாக் என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் சுவிட்ச்தான், கட்டளையால் திறக்காது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். நண்பரிடம் அதே மாடல் செருகியதும் ஓடுகிறது. எனக்கு டிரைவரை கம்பைல் செய்து ஓடியது. அப்டேட்டுக்குப் பின் பூட் செய்தால் காணோம். (பெரம்பூர்)

அதே மாடல்தான், அதே சிப் அல்ல. முதல் வெர்ஷனில் அத்தெரோஸ் ஏஆர்9271; அதற்கான டிரைவர் வெகுகாலமாக லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. இரண்டாம் வெர்ஷனிலிருந்து ரியல்டெக் 8188இயூஎஸ். எத்தனை முறை சொல்வது? டப்பாவில் உள்ள பெயரைப் பார்த்து அடாப்டர் வாங்காதீர்கள். கடையில் நின்றபடியே லேப்டாப்பில் செருகி எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கொடுத்து சிப்பைப் பாருங்கள், பிறகு காசைக் கொடுங்கள்.

மேக் இன்ஸ்டால் என்று போட்ட டிரைவர் அன்றைய கர்னலுக்கு மட்டுமே. புதுக் கர்னல் வந்தால் அதற்கு இந்த டிரைவர் மாட்யூலைத் தெரியாது. டிகேஎம்எஸ் (DKMS) என்ற கருவி வழியாகப் போட்டால் ஒவ்வொரு கர்னலுக்கும் தானாக கம்பைல் ஆகும். ஆனால் கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுப்பது) ஆனில் இருந்தால் அந்த மாட்யூலின் கையொப்பத்துக்கான எம்ஓகே (MOK) சாவியையும் பதிய வேண்டும். அதைப் பதிய ரீபூட்டில் வரும் நீலத் திரையில் அவசரமாக என்டர் தட்டிக் கடந்துவிட்டுப் பிறகு டிரைவரைத் திட்டுகிறார்கள். கர்னல் 6.3 அல்லது அதற்கு மேல் என்றால் இந்தப் பாடே வேண்டாம்: உள்ளேயே இருக்கும் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ (rtl8xxxu) டிரைவர் இதைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கம்பைல் செய்த பழைய டிரைவரை முதலில் நீக்குங்கள், இரண்டும் மோதும்.

உபுண்டு சர்வர் பூட்டில் இரண்டு நிமிடம் நிற்கிறது. வைஃபை மட்டும்தான் உபயோகம். (அம்பத்தூர்)

கேபிள் மாட்டாத ஈதர்நெட் போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது. நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் அந்தப் போர்ட்டின் கீழ் ஆப்ஷனல்: ட்ரூ (optional: true) சேருங்கள். வரியை உள்தள்ள டேப் அல்ல, ஸ்பேஸ்.

புது ராஸ்பெரி பையில் வைஃபை பிளாக் என்கிறது. (மயிலாப்பூர்)

நாட்டைச் சொல்லவில்லை நீங்கள். ராஸ்பி-கான்ஃபிக் (raspi-config) கட்டளையில் வைஃபை நாடாக இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸுக்குப் போய்த் திரும்பினால் லினக்ஸில் வைஃபை கார்டே தெரிவதில்லை. (தாம்பரம்)

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது ஷட்டவுன் இல்லை, அரைத்தூக்கம். சில கார்டுகள் அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அணைத்த பிறகும் தெரியாவிட்டால் சிப் எண்ணோடு எழுதுங்கள்.