ட்ரீ, ஃபைஃப், நைனர்... ஏன் இப்படி பேசுறாங்க?

கேள்வி: வணக்கம் அண்ணா. என் பையன் பாலிடெக்னிக்ல படிக்கிறான், ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் ஆகணும்னு ஆசை. ராத்திரி ரூம்ல உக்காந்து, ரேடியோல பேசுற மாதிரி த்ரீ, ஃபைவ், நைனை ட்ரீ, ஃபைஃப், நைனர்னு சத்தமா சொல்லி பழகுறான். பைலட்டும் இங்கிலீஷ், கன்ட்ரோலரும் இங்கிலீஷ், அப்புறம் எப்படி தப்பா புரியும்? இதனால நிஜமாவே விமானம் விழுந்திருக்கா?
- வாசகி, ஈசூன்

பதில்: விழுந்திருக்கும்மா. அதுவும் நம்ம சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இருந்து கிளம்பின விமானமே விழுந்திருக்கு.

1989 பிப்ரவரி 19, விடிகாலை. ஃப்ளையிங் டைகர்ங்கிற அமெரிக்க கம்பெனியோட போயிங் 747 சரக்கு விமானம், கோலாலம்பூர் சுபாங் ஏர்போர்ட்ல இறங்கப் போகுது. கன்ட்ரோலர் "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ"ன்னார். அவர் சொன்னது 2,400 அடி. ஆனா இங்கிலீஷ்ல 2ங்கிற நம்பருக்கும் டூ தான், "வரைக்கும்"ங்கிறதுக்கும் டூ தான், பைலட் காதுல 400 அடி வரைக்கும் இறங்குன்னு விழுந்துடுச்சு. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ"ன்னு திருப்பியும் சொன்னார். அங்கயே கன்ட்ரோலர் இல்லைன்னு தடுத்திருக்கணும், தடுக்கல. விமானம் மலையில மோதி உள்ள இருந்த நாலு பேரும் இறந்துட்டாங்க. தரை நெருங்குதுன்னு காக்பிட்ல எச்சரிக்கை அடிச்சும் மேல ஏத்தல, அது விமானிங்க தப்பு, ஆனா என் மனசை அறுக்கிறது அந்த திருப்பிச் சொன்ன நம்பர் தான், தப்பு என்னன்னு அதுலயே இருந்துச்சும்மா, கேட்டவர் காதுல ஏறல.

நம்ம கோப்பிக்கடைல தே ஓ கோசோங், அதாவது பாலும் சக்கரையும் இல்லாத டீ கேட்டு, அங்கிள் வெறும் "தே ஓ"ன்னு திருப்பிச் சொன்னா நாம விடுவோமா, சக்கரை விழுறதுக்குள்ள "கோசோங், கோசோங்"னு கத்திடுவோம். கன்ட்ரோலருக்கும் அந்த காது வேணும்.

1977ல டெனரிஃப் தீவுல மூடுபனிக்குள்ள ரெண்டு 747 ரன்வேலயே மோதி 583 பேர் செத்தாங்க. அதுல ஒண்ணு, கிளம்ப ஓட ஆரம்பிச்ச நெதர்லாந்து கம்பெனி கேஎல்எம் விமானம், அதுல இருந்து "நவ் அட் டேக் ஆஃப்"னாங்க, ரெடியா நிக்கிறாங்க போலன்னு நினைச்சு கன்ட்ரோலர் "ஓகே"ன்னுட்டு, நில்லுங்க நான் கூப்பிடுறேன்னார், அதே நேரம் இன்னொரு விமானமான அமெரிக்க பான் ஆம்ல இருந்தும் பேச, ரெண்டு பேச்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கீச்னு சத்தம், கேஎல்எம் விமானிங்களுக்கு தெளிவா கேட்டது அந்த ஓகே மட்டும் தான். அதுக்கப்புறம் தான் டேக் ஆஃப்ங்கிற வார்த்தையை, கிளம்ப அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும் சொல்லணும், மத்த நேரம் டிபார்ச்சர்னு சொல்லணும்னு மாத்தினாங்க.

நைனர் ஏன்னா, ரேடியோ இரைச்சல்ல நைனும் ஃபைவும் ஒரே மாதிரி கேக்கும். ட்ரீ ஏன்னா, த்ரீயில வர்ற அந்த த் சத்தம் பல நாட்டுக்காரங்க வாயில வராது.

பையன் நல்லா பழகட்டும். முடிஞ்சா நீங்க எதிர்ல உக்காருங்க, அவன் நம்பர் சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொல்லுங்க, நடுவுல வேணும்னே ஒண்ணை மட்டும் மாத்திச் சொல்லி, பிடிக்கிறானான்னு பாருங்க.