இந்தோனேசியா போரிட்டுச் சுதந்திரம் வாங்கியதா, இல்லை ஜப்பான் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனதா?

இந்தக் கேள்வியை நானே எப்போதோ போட்டுவிட்டு மறந்துவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் 2009 ஆகஸ்ட் 17 அன்று ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அன்று அவர்களுடைய சுதந்திர தினம். அவர் வாங்கிக் கொடுத்த இளநீர் கையில் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவன் இல்லை. டெக்ஸ்டைல் டிப்ளமா, உடுமலைப் பக்கம். மேற்கு ஜாவாவில் புர்வாகர்த்தா என்ற ஊரில், ஒரு நூற்பாலையில் எட்டு வருடம் ரிங் ஃபிரேம் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். அங்கே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதால்தான் இதெல்லாம் படிக்க நேர்ந்தது.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். அந்தக் கையேடுகளில் ‘இந்தோனேசியா, 1945’ என்று ஒரே வரிதான் இருக்கும். டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த நாடு, உலகப் போரில் ஜப்பான் கைக்குப் போயிருந்தது. ஜப்பான் சரணடைந்தது ஆகஸ்ட் 15, இவர்கள் சுதந்திரத்தை அறிவித்தது 17. இரண்டு நாளில் எங்கே போரிட்டிருப்பார்கள் என்று தோன்றுவது நியாயம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று மில்லில் விளையாட்டுப் போட்டிகள். பாக்கு மரத்தண்டில் எண்ணெயும் கிரீஸும் தடவி நட்டு, உச்சியில் சைக்கிள், குக்கர், சட்டை என்று பரிசுகளைக் கட்டியிருப்பார்கள். நம்மூர் வழுக்கு மரமேதான். கேட்டில் கூராகச் சீவிய மூங்கில்களை நட்டு, சிவப்பும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். துப்பாக்கி இல்லாதவர்கள் சண்டைக்குக் கொண்டுபோன ஆயுதம் அது. பக்கத்தில் எங்கள் பிட்டர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். அவரிடம் பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன்: “பாக், உங்களுக்கு ஜப்பான்காரன் கொடுத்துவிட்டுப் போனதுதானே. நாங்கள் பாருங்கள், காந்தி காலத்திலிருந்து போராடி வாங்கினோம்.” பாக் என்றால் அங்கே ஐயா, அண்ணே எல்லாவற்றுக்கும் பொது. அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் கோபப்படவில்லை. “ஞாயிற்றுக்கிழமை லீவுதானே பாக்? காலையில் ஏழு மணிக்கு வருகிறேன்” என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறன்று பைக்கில் வந்தார். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, அதை எனக்குக் கொடுத்துவிட்டார். கராவாங் பக்கம் வண்டி போனது. கராவாங் ஜாவாவின் தஞ்சாவூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு எட்டியவரை நெல். முதலில் ரெங்காஸ்தெங்க்லோக் என்ற சின்ன ஊரில் நிறுத்தினார். அங்கே ஒரு பழைய வீடு. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஜப்பான் தோற்பதற்கு முன்பே சுதந்திரம் தருவதாகச் சொல்லி, அதற்கு ஒரு ஆயத்தக் குழுவும் போட்டிருந்தது. விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்னோவும் ஹத்தாவும் அந்தக் குழு வழியாகவே முறைப்படி அறிவிக்கலாம் என்று நினைத்தார்கள். இளைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் நாளைக்கு உலகம் ‘ஜப்பான் கொடுத்தது’ என்றுதான் சொல்லும் என்பது அவர்கள் வாதம். ஆகஸ்ட் 16 விடியற்காலையில் இரண்டு தலைவர்களையும் இந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடத்தல் என்றே சொல்லலாம். பேசி முடித்து இரவே ஜகார்த்தா திரும்பி, மறுநாள் காலை இரண்டே வாக்கியத்தில் அறிவிப்பை வாசித்தார் சுகர்னோ. அதாவது நீங்களும் நானும் கேட்ட இதே கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவே செய்த வேலை அது. (அறிவிப்பை எழுதியது ஜப்பானிய அட்மிரல் மயேதாவின் வீட்டில் என்று சொல்லப் போகிறீர்கள். தெரியும். இடம் கொடுத்தார், நாட்டைக் கொடுக்கவில்லை.)

அங்கே டீ குடிக்கும்போதுதான் பிட்டர் கேட்டார்: “சுரபாயாவில் எங்களைச் சுட்ட சிப்பாய்கள் எந்த நாட்டுக்காரர்கள் பாக்?”

டச்சுக்காரர்கள் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். பிரிட்டிஷ் என்றேன். “அது அதிகாரி. சிப்பாய்?”

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஜப்பானியரின் ஆயுதங்களைப் பிடுங்கவும் கைதிகளை மீட்கவும் நேச நாடுகளின் பெயரில் ஜாவாவுக்கு வந்த படையில் பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்தியப் படை. 1945 அக்டோபர் 25 அன்று சுரபாயா என்ற துறைமுக நகரில் இறங்கியது 49ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட். அவர்கள் பின்னாலேயே டச்சு நிர்வாகமும் திரும்பி வருகிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. மூன்றே நாளில் சண்டை. 30ஆம் தேதி அந்தப் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் மாலபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று 5ஆவது இந்திய டிவிஷன் நகரத்தின் மேல் பாய்ந்தது, விமானம், போர்க்கப்பல், டாங்கி சகிதம். ஊரைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த நவம்பர் 10தான் அவர்களுக்கு வீரர்கள் தினம். வருடா வருடம் விடுமுறை விடாமல் கொண்டாடுகிற நாள்.

இந்தியச் சிப்பாய்கள் ஜகார்த்தாவில் கால் வைத்தபோது நேருவும் காங்கிரசும் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். சில நூறு சிப்பாய்கள் துப்பாக்கியோடு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அதே சமயத்தில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பலில் வேலை செய்ய மாட்டோம் என்று இறங்கிப்போன மாலுமிகளிலும் இந்தியர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் பின்னால் படித்துவிட்டு அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “தெரியும் பாக்” என்றார். டீக்கடையில் சொல்லியிருக்கலாமே!

சரி, போர். பிரிட்டிஷ் படை 1946 நவம்பரில் கிளம்பியது. டச்சுக்காரர்கள் லிங்கஜாத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நான்கு மாதம் ஆகவில்லை, 1947 ஜூலை 21 அன்று படையெடுத்தார்கள். இங்கே நாம் செங்கோட்டைக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் படையெடுப்புக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை நெதர்லாந்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பி, விமானத்தில் குண்டு போட்டுச் செய்கிற போலீஸ் வேலை! இரண்டு வருடம் முன்புவரை அவர்களே ஜெர்மனியின் பூட்ஸ் காலடியில் கிடந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில்தான், பின்னாளில் ஒடிசா முதல்வரான பிஜு பட்நாயக் ஒரு டக்கோட்டா விமானத்தை ஓட்டிப்போய், இந்தோனேசியாவின் பிரதமராக இருந்த ஷாஹ்ரிரை முற்றுகையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். ஒடிசாக்காரர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ரெங்காஸ்தெங்க்லோக்கிலிருந்து பைக் ராவாகெதே என்ற கிராமத்துக்குப் போனது. இன்றைய பெயர் பாலோங்சாரி. ரோட்டோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். நாங்கள் நிறுத்தியது ஒரு கல்லறைத் தோட்டம். பிட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து பின்னாலேயே போனேன்.

1947 டிசம்பர் 9. முந்தின நாள்தான் ஜகார்த்தா துறைமுகத்தில் நின்ற ‘ரென்வில்’ என்ற அமெரிக்கக் கப்பலில் சமாதானப் பேச்சு ஆரம்பித்திருந்தது. டச்சுப் படை விடியும் முன்பே இந்தக் கிராமத்தைச் சுற்றி வளைத்தது. தேடி வந்தது லூகாஸ் குஸ்தாரியோ என்ற கெரில்லாக் கேப்டனை. அவர் ஊரில் இல்லை. எங்கே என்று கேட்டார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஊர்க்கணக்கு 431 பேர். டச்சுக் கணக்கு 150. சுட உத்தரவிட்ட அதிகாரி மேல் வழக்குப் போட வேண்டாம் என்று டச்சுத் தரப்பே முடிவு செய்தது.

பிட்டரின் அம்மா பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்போது சின்னப் பிள்ளையாம். அந்த வருடம் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை, பெண்களே அறுத்தார்கள் என்பதைத்தான் அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்வாராம். வேறு எதுவும் சொல்ல மாட்டாராம்.

2011 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றம் இந்தக் கொலைகளுக்கு டச்சு அரசே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அன்று நான் இரவு ஷிப்ட். கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. வழக்குப் போட்ட விதவைகளில் சிலர் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 யூரோ. பிட்டர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

1948 டிசம்பர் 19 அன்று இரண்டாவது ‘போலீஸ் நடவடிக்கை’. இந்தோனேசியக் குடியரசின் அப்போதைய தலைநகர் யோக்யகர்த்தா விழுந்தது, சுகர்னோவும் ஹத்தாவும் கைது. கதை முடிந்தது என்றுதான் டச்சுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் படைத்தளபதி சுதிர்மான், காசநோயில் ஒரு நுரையீரல் போன மனிதர், பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்டு ஏழு மாதம் காடு மலையெல்லாம் அலைந்து கெரில்லாப் போர் நடத்தினார். சுமத்ராவில் ஒரு அவசர அரசாங்கம் ஓடியது. 1949 மார்ச் 1 அன்று யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து ஆறு மணி நேரம் நகரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். சுதிர்மான் 1950 ஜனவரியில் இறந்தபோது வயது 34.

அமெரிக்கா மிரட்டியதால்தானே டச்சுக்காரன் போனான் என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். ஆமாம், போரில் நொந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட உதவிப் பணத்தை நிறுத்திவிடுவோம் என்று வாஷிங்டனில் பேச்சு எழுந்தது. டெல்லியில் 1949 ஜனவரியில் நேரு மாநாடு கூட்டினார், ஐ.நா.வும் நெருக்கியது. எல்லாம் உண்மை. தலைவர்களைப் பிடித்ததோடு சண்டை அடங்கியிருந்தால் இவர்களில் யார் வாயைத் திறந்திருப்பார்கள்?

இன்னொருவர், 1945 கடைசியில் டச்சுக்காரர்களையும் கலப்பினத்தவரையும் சீனர்களையும் இந்தோனேசிய இளைஞர் கும்பல்கள் ஆயிரக்கணக்கில் கொன்றதை ஏன் மறைக்கிறாய் என்பார். மறைக்கவில்லை ஐயா, நடந்தது. அதை அங்கே இன்னமும் சத்தமாகப் பேச மாட்டார்கள், அது அவர்கள் தப்பு. நான் யாருக்கும் வக்கீல் இல்லை.

எனக்கு வயிறு எரிகிற இடம் வேறு. 1949 டிசம்பர் 27 அன்று இறையாண்மையை ஒப்படைத்தார்களே, அதற்கு முன் ஹேக் வட்டமேசை மாநாட்டில் சுமார் 430 கோடி கில்டர் கடனை இந்தோனேசியாவின் தலையில் கட்டினார்கள். காலனி அரசாங்கம் வாங்கிய கடன் அது. அதில் இவர்களையே சுடுவதற்குச் செய்த செலவும் அடக்கம். தோட்டாவுக்கும் பில் போட்டு, செத்தவன் வீட்டில் வசூல்! 1956இல் மிச்சத்தைக் கட்ட முடியாது என்று இந்தோனேசியா கைவிரித்தது.

இதைப் படித்தபோது என் சொந்தக் கதை ஞாபகம் வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலையை விட்டபோது மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த சீட்டில் ஒவ்வொன்றாகக் கழித்திருந்தார்கள்: ஒர்க் பர்மிட் புதுப்பித்த கட்டணம், விசாவுக்கு எடுத்த மருத்துவப் பரிசோதனை, எட்டு வருடம் முன்பு என்னைக் கூட்டி வந்த விமான டிக்கெட். வேலைக்குச் சேரும்போது இதெல்லாம் ‘கம்பெனி செலவு’ என்று சொன்னவர்களே கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மேலே இருந்ததும் நம்மூர் மனிதர்தான். “தம்பி, ரூல்ஸ்” என்றார். அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது. மகன் எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கதான் அவங்களுக்குப் பாக்கி வெச்சிருப்பீங்க போல” என்கிறான்.

போகட்டும். டச்சு அரசு இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17 அன்றே சுதந்திரம் பெற்றது என்பதை முழுமையாக ஏற்கிறோம் என்று சொன்னது 2023இல். அதற்கு முன் பல காலம் அவர்கள் கணக்கில் 1949தான். எனவே தேர்வில் கேட்டால் 1945 என்று எழுதுங்கள், மார்க் போகாது.

ஜப்பான் கொடுத்ததா என்ற அந்த இரண்டாவது பகுதியை மட்டும் என்னிடம் கேட்பதைவிட எங்கள் பிட்டரிடம் கேட்பது நல்லது. ரிட்டயர் ஆகி ஊரிலேயே இருக்கிறார், பைக்கும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஹெல்மெட் மட்டும் நீங்களே கொண்டு போய்விடுங்கள், அவரிடம் இன்னும் ஒன்றுதான் இருக்கும்.