படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பார்த்துக்கொள்ள என்னென்ன பொருட்கள் வேண்டும்?

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டிருக்கும் மாமியாரை அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்து வருவதாகவும், கடலூரில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் அம்மா ஏறக்குறைய இதே நிலையில் 2022 ஜூன் முதல் 2025 பிப்ரவரியில் காலமாகும்வரை இருந்தார். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஆள் இல்லை. மருந்துக்கும் உணவின் அளவுக்கும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு; பொருட்களைப் பற்றி மட்டும் எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பட்டியல் இல்லாமல் சர்ஜிக்கல் கடைக்குள் போக வேண்டாம். நாங்கள் பதற்றத்தில் முதல் நாளே சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, நடை பழகும் ஸ்டாண்டு மூன்றையும் வாங்கினோம். ஓராண்டு வரை அவற்றில் ஒன்றும் பயன்படவில்லை. முதல் வாரமே தேவைப்பட்ட ஏர் பெட்டோ (பம்ப் மூலம் காற்றறைகள் மாறி மாறி உப்பும் மெத்தை) வீட்டில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு, எந்தக் கடையும் திறந்திருக்காத நேரத்தில், இந்தப் பொருள் இல்லையென்றால் விடியும்வரை அவர் தவிப்பாரா என்று ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதை இப்போதே வாங்குங்கள். மற்றவை ஒரு மாதம் கழித்து, அவருடைய உடல்நிலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்து வாங்கினால் போதும். தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய ஃபவுலர் கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கும். அதைச் சொந்தமாக வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டியது ஏர் பெட். அம்மா வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலை, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்தபோது, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவில் நிறம் மாறியிருந்தது. அம்மா மாநிறத்துக்கும் சற்றுக் குறைவு என்பதால் அது சிவப்பாகத் தெரியவில்லை. மங்கிய ஊதாவாகத் தெரிந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை, புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றியிருந்த தோலைவிட அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து நன்றாக நீவிவிட்டேன். கடையில் சொன்னதைக் கேட்டு, நடுவில் ஓட்டை உள்ள காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றையும் வாங்கி இடுப்புக்கு அடியில் வைத்தோம். இரண்டும் தவறு. நிறம் மாறிய இடத்தை நீவினால் உள்ளே நலிந்திருக்கும் திசு மேலும் சிதையும்; வளையம் தன் விளிம்பால் சுற்றிலும் அழுத்துவதால் நடுவில் உள்ள தோலுக்குப் போகும் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். நான்கு நாளில் தோல் உரிந்தது. அது ஆற ஏழு வாரம் ஆயிற்று. துடைக்கும்போது அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இடக்கை மட்டும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஏர் பெட்டை வெறும் கட்டில் மேல் போடக் கூடாது. கீழே வழக்கமான மெத்தை, அதன்மேல் ஏர் பெட், அதன்மேல் மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று, அவ்வளவுதான். இதமாக இருக்கட்டும் என்று போர்வையை மடித்து மடித்துப் போட்டால் காற்றறைகள் மாறி மாறி உப்புவதால் கிடைக்கும் பயன் உடலைச் சென்று சேராது. ஏர் பெட் இருக்கிறது என்பதற்காகத் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், மல்லாந்து, வலம் என்று மாற்ற வேண்டும். பக்கவாட்டில் நேராக நிறுத்தாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து முப்பது பாகை அளவுக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, தலைக்கு ஒன்று போக, குறைந்தது நான்கு தலையணைகள் வேண்டும்.

துணி விஷயத்தில் கடைச் சரக்கைவிட வீட்டுப் பழந்துணி மேல். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகளை வெட்டித் துவைத்து, வெயிலில் காயவைத்து அடுக்கி வைத்தோம். ஒரு வேட்டியை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை குறுக்கே விரித்துவிட்டால், இருபுறமும் ஆளுக்கொரு பக்கம் துணியைச் சுருட்டிப் பிடித்து நோயாளியை மேலே நகர்த்தலாம். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் செயலிழந்த தோளின் மூட்டு விலகும் ஆபத்து உண்டு. விரிப்பின்மேல் தரதரவென்று இழுத்தாலோ தோல் உராய்ந்து புண்ணாகும். உங்கள் முதுகுக்கும் இந்தத் துணிதான் நல்லது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாளானாலும் துணி காயாது. ஆகவே மற்ற மாதங்களில் போதுமானதைப் போல் இருமடங்கு விரிப்புகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.

உணவுக் குழாய்க்கு 50 மி.லி. சிரிஞ்சு இரண்டு, மெல்லிய வடிகட்டி, அளவு குறித்த குவளை ஆகியவை வேண்டும். உணவு கொடுக்கும்போதும், கொடுத்த பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மூக்கருகே குழாயில் பேனாவால் ஓர் அடையாளம் இட்டு வையுங்கள். அது வெளியே நகர்ந்திருந்தால், அல்லது கொடுக்கத் தொடங்கியதும் இருமினால், உடனே நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள். நீங்களாகவே குழாயை உள்ளே தள்ள வேண்டாம். கேழ்வரகுக் கஞ்சியானாலும் பருப்புத் தண்ணீரானாலும் துணியில் வடிகட்டியே கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் வெந்நீரை ஆறவைத்துச் செலுத்தினால் குழாய் அடைக்காது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பொடித்துக் கொடுங்கள்; மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, எவையெவை அப்படிப்பட்டவை என்று மருந்தாளுநரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கும் நாள்தோறும் இரண்டு வேளை வாயைத் துடைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மென்மையான சிறுவர் பிரஷ் ஒன்று அதற்குப் போதும்.

டயப்பரில் ஒட்டும் பட்டை உள்ள வகைதான் படுத்திருப்பவருக்கு ஏற்றது. இடுப்பளவை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டு, முதலில் ஒரு பாக்கெட் மட்டும் வாங்குங்கள். அளவு சரியில்லை என்றால் திறந்த பாக்கெட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் நாள் முழுவதும் டயப்பருடன் இருந்தால் தொடை மடிப்புகளில் தோல் வெந்துவிடும். ஆகவே பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் டயப்பரை எடுத்துவிட்டு, அடியில் அண்டர்பேட் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு) ஒன்றை மட்டும் விரித்துக் காற்றாட விடுங்கள். பெண்களைத் துடைக்கும்போது முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும்; இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரும். துத்தநாக ஆக்சைடு கிரீம், கையுறைப் பெட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவையும் இதோடு சேர வேண்டியவை. சிறுநீர்க் குழாயும் போட்டிருந்தால், பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள்.

கருவிகளில் டிஜிட்டல் இரத்த அழுத்தக் கருவி (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதுதான் நம்பகமானது), வெப்பமானி, சர்க்கரை இருந்தால் குளுக்கோமீட்டர் ஆகியவை போதும். இவற்றோடு ஒரு கோடு போட்ட நோட்டு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், எவ்வளவு உணவு போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, மலம் போனதா என்று நானும் தம்பியும் மாறி மாறி எழுதினோம். ஒருமுறை காய்ச்சல் வருவதற்கு முன்பே, மூன்று நாட்களாகச் சிறுநீர் குறைந்துகொண்டே வந்ததை அந்த நோட்டில்தான் மருத்துவர் கண்டுபிடித்தார்.

இன்வெர்ட்டர் பற்றி ஒரு சொல். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாட்கள் மின்சாரம் இல்லை. ஏர் பெட்டின் பம்ப் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. மின்விசிறியையும் மற்ற விளக்குகளையும் அணைத்து அதற்கு மட்டும் இன்வெர்ட்டரை ஒதுக்கியதால் சமாளித்தோம். 2011இல் கடலூரில் ‘தானே’ புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பத்து நாளுக்கான மருந்து, டயப்பர், குடிநீர் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கடலூர் மாவட்டத்தில் இருப்பதால், 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும், இயன்முறைப் பயிற்சியையும், வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் அது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் உள்ளவர்களுக்கு இந்தத் தமிழ்நாட்டுத் திட்டம் பொருந்தாது. அவர்கள் தங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் வீட்டிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். செவிலியரை அருகில் நிற்கச் சொல்லி, உங்கள் கையாலேயே ஒருமுறை குழாய் வழியாக உணவு கொடுத்து, ஒருமுறை டயப்பர் மாற்றி, உங்கள் கணவரும் நீங்களுமாக அந்த வேட்டியைப் பிடித்து மாமியாரை ஒருமுறை மேலே நகர்த்திப் பாருங்கள்.