மாரத்தானுக்கு முன்னால் சளி, காய்ச்சல்: டாக்டர் அக்கா பதில்கள்

கே: அக்கா, ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான். மூணு வாரம்தான் இருக்கு. மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரப்பு. ஓடலாமா?

ஓடலாம். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், அரை மணி நேரம். தொந்தரவு கழுத்துக்கு மேலே இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் ஷூவைத் தொடாதீர்கள்.

கே: ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டேன். 32 கிலோமீட்டர் லாங் ரன் போச்சு. ரேஸுக்கு 13 நாள் இருக்கு. இந்த ஞாயிறு அதை ஓடிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் படுத்ததில் மாதக்கணக்கான பயிற்சி கரைந்துவிடாது. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் பழைய வேகத்திலேயே நாடி எகிறுகிறது. ஓடத் தொடங்கினால் சில நாளில் அது திரும்பிவிடும். இப்போது ஓடும் 32-இன் பலன் ரேஸுக்குள் கைக்கு வராது, களைப்பு மட்டும் வரும். எப்படியும் இது டேப்பர் நேரம், அதாவது ரேஸுக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் நேரம். விட்டதைப் பிடிக்கும் நேரமில்லை.

முதல் இரண்டு நாள் 20 நிமிடம். காலையில் எழுந்ததும் நாடி பாருங்கள். வழக்கத்தைவிட பத்து கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு. எல்லாம் சரியாக இருந்தால் ஞாயிறு 12 கிலோமீட்டர் போதும். நேர இலக்கை மட்டும் மறந்துவிடுங்கள். சென்னை ஈரப்பதத்தில் காய்ச்சல் கண்ட உடம்போடு முதல் பாதியை வேகமாக ஓடினால் இரண்டாம் பாதி நடைதான்.

கே: உடம்பு வலிக்கு டைக்ளோ போட்டுட்டு ஓடலாமா?

கூடாது. நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் சேரும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

கே: வயித்துக்கு சிப்ரோ எழுதிக் கொடுத்தாங்க.

எழுதியவரிடம் மாரத்தான் ஓடப்போவதைச் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் குதிகால் தசைநாணை அறுக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: காய்ச்சல் விட்டு எத்தனை நாள்ல ஓடலாம்?

மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் நடை, அப்புறம்தான் ஓட்டம். டெங்கு என்றால் கணக்கே வேறு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் ஆபத்தான கட்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கே: எதுக்கு இந்த பயமுறுத்தல்? போர்த்திக்கிட்டு பத்து கிலோமீட்டர் ஓடினா வேர்த்து இறங்கிடும். இருபது வருஷமா அப்படித்தான் செய்யறேன்.

அண்ணே, வேர்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. இறங்கும்போது வேர்க்கிறது. வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் தொடும். அந்த நேரத்தில் ஓடினால் அழற்சி கூடும், துடிப்பு தாறுமாறாகும். இதயத் தசை அழற்சி உறுதியானால் மாதக்கணக்கில் ஓட்டமே கிடையாது.

கே: எனக்கு ஒண்ணும் ஆகலையே?

ஆகாதவர்கள்தான் வந்து சொல்ல முடியும்.

கே: அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு. நிலவேம்பு குடிச்சுட்டு ஓடினா?

நிலவேம்பு குடியுங்கள், எனக்குச் சண்டையில்லை. குடித்துவிட்டுப் படுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மாடி ஏறினாலே மூச்சிரைப்பு என்றால் இங்கே வாதாடாமல் ஈசிஜி எடுங்கள்.

கே: என் பதிவை அடுத்த வருஷத்துக்கு மாத்தலாமா?

ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள்.

கே: அக்கா, லேசா காய்ச்சல். டோலோ போட்டா இறங்குது. நாளைக்கு ஓடலாமா?

மேலே படியுங்கள். "மாத்திரை போடாமலே" என்று எழுதியிருக்கிறேன்.